கயிறு பிடிக்கும் மைத்துனன்

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கடற்கரையில் பிறந்தோர் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த செய்தி ஒன்று உண்டு. கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கும் குளியாளின் உயிர், மேலே தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. மூச்சு முட்டும் வேளையில் கீழிருந்து கயிறு அசையும். அந்த அசைவை அறிந்து, நொடியும் தாழ்த்தாமல் இழுத்தாக வேண்டும். ஆகவே அந்த வேலைக்கு மனைவியின் உடன்பிறந்தானையே வைப்பார்கள் என்று எங்கள் பெரியோர் கூறுவர். தமக்கையின் தாலிக்காகவேனும் மைத்துனன் கண்ணயர மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்போர் மட்டும் அதன்பின்னும் கடலில் இறங்கி வந்தனர். கயிறு பிடிக்கும் மைத்துனனைப் பற்றிய பேச்சோ பழமொழிபோல் எங்கள் வீடுகளில் நிலைத்துவிட்டது.

நாமும் ஒருவருக்கு மைத்துனர்தாம். கயிறு அசைந்தபோது நாம் கவனிக்கவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நம் தமக்கையின் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் பணியில் இருந்தவர். 1987-ஆம் ஆண்டு ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்தது. தொடை எலும்பு முறிந்து இரத்தம் பெருகிப் போயிற்று. அறுவை செய்யுமுன் இரத்தம் வேண்டும் என்றார்கள். நம் இரத்தமோ பொருந்தவில்லை. பணத்துக்கு இரத்தம் கொடுப்போர் ஊருக்கு ஊர் இருந்த காலம் அது. (1998-ஆம் ஆண்டு முதல்தான் நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டது.) மிதிவண்டியை மிதித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, ஆள் தேடிப் பிடித்து, இரண்டு புட்டி இரத்தத்துக்கு ஏற்பாடு செய்தோம். அத்தான் பிழைத்தார். "மைத்துனன் கயிற்றை இழுத்துவிட்டான்" என்று உறவினர் ஒருவர் மருத்துவமனை வாசலில் சொன்னார். நம் வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளில் நாம் மிகப் போற்றி வைத்திருந்தது அதுவே.

இருபது ஆண்டுகள் கடந்தன. 2007-ஆம் ஆண்டில் அத்தான் அடிக்கடி சோர்ந்து போனார். வலப்பக்க விலாவின்கீழ் ஒரு கனம் இருப்பதாகச் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக அறிக்கை வந்தது. இரத்தத்தில் ஈரல் நொதிகள் இருக்கவேண்டிய அளவைக் கடந்திருந்தன. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை வருசமாகக் குடிக்கிறீர்கள்?" என்பதே.

அத்தான் குடித்ததில்லை. குடியால் அழிந்த தகப்பனுக்குப் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதில் தகப்பனைத் தோளில் சாய்த்து வீட்டுக்கு அழைத்து வந்தவர். அந்த வாடையையே வெறுத்தவர். இல்லை என்றார். மருத்துவர் சிரித்தார். வேறொருவரிடம் சென்றார், அங்கும் அதே கேள்வி, அதே சிரிப்பு.

2009-ஆம் ஆண்டு பனிமய மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். அடுக்களையில் தமக்கையிடம் நாம் சொன்னோம்: "அக்கா, துறைமுக வேலை, நாலு பேரோட பழக்கம். குடிக்காமலா ஈரல் இப்படி ஆகும்? நீதான் கொஞ்சம் கண்டிக்கணும்." திரும்பிப் பார்த்தால் அத்தான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க வந்தவர் செம்பை எடுக்காமலே திரும்பிப் போனார். அன்று மாலை தேருக்கு முன்னால் எல்லாரோடும் நடந்தார்; யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஏழு ஆண்டுகள் எந்த மருத்துவரிடமும் அவர் போகவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளும் தமக்கை நாள்தோறும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துவந்தாள். ஈரலுக்குக் கீழாநெல்லி என்பது நம் நாட்டில் குழந்தையும் அறிந்த மருத்துவம். இதைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இச்சிறு செடி உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்றுக்கும் பொருளாயிற்று.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய பொருள் ஒன்றைக் கண்டு, அது மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ்-பி வைரசின் அடையாளம் என நிறுவி, 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் பிளம்பர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து 1988-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைட்டிஸ்-பி வைரசை உடலில் நெடுங்காலமாகச் சுமப்போரில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை, 30 நாள் கொடுத்தார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரசின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. செய்தி உலகெங்கும் பரவிற்று. தமிழர் மனம் பூரித்தது. ஆனால் பிற நாடுகளில் இதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லி அந்த வைரசை ஒழிக்கும் என்று சொல்லப் போதிய சான்று இன்றுவரை இல்லை.

அப்படியாயின் நம் பாட்டிமார் கொடுத்துக் கண்கூடாகக் குணமானதெல்லாம் பொய்யா என்று அன்பர்கள் கேட்கலாம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். பத்தியமும் ஓய்வும் அதற்குத் துணை. மஞ்சள் மறைந்ததும் புகழ் மருந்துக்குப் போயிற்று. பி, சி என்னும் வகைகளோ வேறு. அவை இரத்தத்தின் வழியே உடலுக்குள் புகுந்து, கண்ணில் மஞ்சளைக் காட்டாமலே பல ஆண்டுகள் ஈரலில் குடியிருக்கக்கூடும். கண் வெளுத்திருக்கிறதே என்று மனநிறைவு கொள்வது அங்கேதான் நம்மைக் கெடுக்கிறது.

2016-ஆம் ஆண்டு அத்தானின் மகள் செவிலியர் படிப்பை முடித்து வீடு திரும்பினாள். தகப்பனாரின் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு அவள் கேட்டது வேறொரு கேள்வி: "அப்பா, உங்களுக்கு எப்பவாவது இரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

ஏழு ஆண்டுகளில், ஏன், ஒன்பது ஆண்டுகளில், எவரும் கேட்காத கேள்வி அது. சோதனையில் ஹெபடைட்டிஸ்-சி வைரஸ், அதிலும் மூன்றாம் மரபுவகை, என்று தெரியவந்தது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வகை அதுவே. அத்தானுக்கு அது எவ்வழியில் வந்திருக்கும் என்று மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 1987-இல் ஏற்றிய அந்த இரண்டு புட்டி இரத்தத்தில் போய் முடிந்தது பேச்சு. நாம் அலைந்து திரிந்து கொண்டுவந்த இரத்தம்.

அதில் எவரையும் குறைசொல்ல இடமில்லை என்று அந்த மருத்துவர் நமக்குப் பொறுமையாக விளக்கினார். இந்த வைரஸ் இன்னதென்று உலகம் அறிந்துகொண்டதே 1989-ஆம் ஆண்டில். அதற்கு வழிவகுத்த ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் என்னும் மூவருக்கும் பிற்பாடு, 2020-இல், நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டு இரத்த வங்கிகளில் இதற்கான சோதனை கட்டாயமானது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1987-இல் பேரறிஞர் ஒருவர் அந்தப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலும் அதனுள் இருந்ததைக் கண்டிருக்க முடியாது. அந்த இரத்தம் இல்லையேல் அத்தான் அன்றே இறந்திருப்பார்.

சரி, குடியாத மனிதரின் ஈரலில் கொழுப்பு எப்படிப் படிந்தது? இதைத் துறைமுக ஊரார் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம் ஈரல் ஒரு பெரிய கிட்டங்கி. உண்ட உணவிலிருந்து கொழுப்பு அங்கே வந்து சேர்கிறது. ஈரல் செல்கள் அதைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிகட்டி, இரத்தத்தின் வழியே உடலின் பிற பகுதிகளுக்கு அனுப்புகின்றன. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை கிட்டங்கியில் நெரிசல் இல்லை. ஹெபடைட்டிஸ்-சி வைரஸ், சிறப்பாக அதன் மூன்றாம் வகை, பொதிகட்டி அனுப்பும் வேலையை முடக்குகிறது. சரக்கு வந்துகொண்டே இருக்கிறது; வண்டி புறப்படுவதில்லை. மற்ற வகைகள் தொற்றியவர்களுக்கும், ஹெபடைட்டிஸ்-பி உள்ளவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு இருந்தால் அதற்குப் பெரும்பாலும் உடற்பருமன், சர்க்கரை நோய், மது போன்றவை காரணமாகும். மூன்றாம் வகையிலோ வைரசே நேர்க் காரணமாகிவிடுகிறது. அத்தான் மெலிந்த தேகத்தினர். சர்க்கரை நோயும் இல்லாதவர். அந்தக் கொழுப்பே, பார்க்கத் தெரிந்தவர்க்கு, வைரசைச் சுட்டிக்காட்டிய விரல்.

அடுத்தது துரு. பழைய துறைமுகத்தில் தோணிகளின் நங்கூரங்கள் உப்புக் காற்றில் கிடந்து செதில் செதிலாய் உதிர்வதைக் கண்டிருக்கிறோம். நமக்கு உயிர்தரும் ஆக்சிஜனேதான் இரும்பையும் அரிக்கிறது. நம் செல்லுக்குள்ளும் இத்தகைய அரிப்பு உண்டு. உணவை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண் உலைகளிலிருந்து, கட்டுக்கடங்காத ஆக்சிஜன் துகள்கள் ஓயாமல் தெறித்துக்கொண்டே இருக்கின்றன. குளுட்டாதயோன் போன்ற காவற்பொருள்களைச் சுரந்து உடல் அவற்றை அவ்வப்போது அணைத்துவிடுகிறது. வைரசின் புரதம் அந்த உலைகளையே சீர்குலைப்பதால் தெறிப்பு பெருகுகிறது, காவலர் இளைக்கின்றனர். இந்நிலைக்கே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

கொழுப்பு தேங்கிய செல்லில் இது நிகழும்போது தீப்பொறி எண்ணெய்க் கிட்டங்கியில் விழுந்ததுபோலாகிறது. கொழுப்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து நஞ்சாகிறது. செல்லின் சவ்வுகள் சிதைகின்றன. இந்நோயில் ஈரலில் இரும்புச் சத்தும் மிகையாகத் தங்குவதுண்டு. அது அரிப்பை மேலும் விரைவுபடுத்தும். சோர்வாக இருக்கிறதே என்று மருத்துவரைக் கேளாமல் இரும்புச்சத்து மருந்து வாங்கி அருந்துவது இவர்களுக்குத் தீங்காகலாம். மது ஒரு துளியேனும் சேர்ந்தால் சொல்லவே வேண்டியதில்லை. அது தானும் தனியே அதே தீயை மூட்டுவது. இவ்வாறு புண்பட்ட இடத்தை ஆற்ற, ஈரலுக்குள் அமைதியாக வைட்டமின்-ஏ சேமித்துக்கொண்டிருந்த ஒருவகைச் செல்கள் விழித்தெழுந்து நார்நாராய்த் தழும்பை நெய்கின்றன. தழும்பின்மேல் தழும்பாகி ஈரல் இறுகுவதே சிரோசிஸ். நாட்பட்ட ஹெபடைட்டிஸ்-சி உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் அது நேர்கிறது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணிப்பு. அவர்களில் சிலருக்குப் புற்றுநோயும் வருகிறது.

துருதான் காரணமென்றால் துருவை அகற்றும் மருந்து போதுமே என்று அறிஞர்களும் எண்ணினர். மேலைநாட்டு முட்செடி ஒன்றிலிருந்து எடுக்கும் சிலிமரின் என்னும் மருந்து ஈரலுக்கு நல்லதென்று எங்கும் விற்கப்படுவது. ஹெபடைட்டிஸ்-சி நோயாளருக்கு அதை உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களைவிட மருந்து உண்டவர்கள் நலம் பெற்றுவிடவில்லை. கப்பலின் அடியில் ஓட்டை இருக்கும்போது மேலே வண்ணம் பூசிப் பயனென்ன? வைரஸ் இருக்கும்வரை துரு வந்துகொண்டே இருக்கும்.

அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து இப்போது இருக்கிறது. சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை 2013-இன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை ஆயிரம் டாலர். 2014-இல் இந்திய மருந்து நிறுவனங்கள் பலவற்றுக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் கிடைத்தது. விலை அடியோடு இறங்கிற்று. அதோடு டக்ளாடஸ்விர் என்னும் மாத்திரையையும் சேர்த்து அத்தான் பன்னிரண்டு வாரம் உட்கொண்டார். முடித்த பன்னிரண்டாம் வாரத்தில் மறுபடியும் இரத்தத்தைச் சோதித்தார்கள். வைரஸ் இல்லை. இம்மருந்துகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். அடுத்த ஆண்டு எடுத்த ஸ்கேனில் அவர் ஈரலின் கொழுப்பும் பெரிதும் குறைந்திருந்தது. ஆனால் தழும்பு தங்கிவிட்டது. சிரோசிசுக்கு முந்தைய படி வரை அது முற்றியிருந்தபடியால், ஆறு மாதத்துக்கொருமுறை வாழ்நாள் முழுதும் ஸ்கேன் பார்த்துவர வேண்டும் என்றார்கள். 2009-இலேயே வைரசைக் கண்டறிந்திருந்தால், அன்றிருந்த கடுமையான ஊசி மருத்துவத்தையாவது முயன்றிருக்கலாம். தழும்பும் இவ்வளவு முற்றியிருக்காது.

இரத்தம் கொண்டுவந்தது நம் பிழையன்று என்று மருத்துவர் சொன்னபோது நமக்கு ஆறுதல் வரவில்லை. ஏனெனில் நம் பிழை வேறு என்பதை நாம் அறிவோம். புட்டிக்குள் இருந்தது எவர் கண்ணுக்கும் தெரியாதது. நிலைப்படியில் நின்றவரின் முகமோ நம் கண்முன்னே இருந்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரைக் கேட்ட நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியில் எத்தனை முறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம்! கேள்வியே தவறு என்று அவர் காட்டினார். ஆயினும் அந்தக் கேள்வி நம் நாவில் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது! ஈரல் நோய் என்றதும் குடி என்கிறோம்; இரத்தத்தில் வைரஸ் என்றதும் ஒழுக்கம் என்கிறோம். குடித்தவரேயானாலும் அவரும் நோயாளிதானே? நம் கேள்விக்கு அஞ்சி எத்தனை பேர் மருத்துவர் வாசலை மிதியாமல் இருக்கிறார்களோ, இறைவனுக்கே வெளிச்சம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் பேர் ஹெபடைட்டிஸ்-பி வைரசோடும், 55 இலட்சம் பேர் சி வைரசோடும் வாழ்ந்தனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் பங்கிலும் இவர்கள் இருப்பார்கள். கூடி உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே இருக்கையில் அமர்வதாலோ இது தொற்றாது. பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மருந்து உண்டு. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இவ்விரண்டுக்கும் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றன. இந்த நூற்றாண்டு பிறக்குமுன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், காரணம் தெரியாமல் ஈரல் நொதிகள் உயர்ந்திருப்பவர்களும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று. பிளம்பர்க் பிறந்த நாளான ஜூலை 28-ஐயே உலக ஹெபடைட்டிஸ் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறிய மூன்றாம் நாள் அது. ஊர் முழுதும் கூடியிருக்கும் நாள்களில் இச்செய்தியையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

குணமான செய்தி வந்த அன்று மாலை அத்தானோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். எட்டு ஆண்டுகள் நெஞ்சில் கிடந்ததை அன்றுதான் சொல்ல வாய் வந்தது. "அத்தான், அன்னைக்கு அடுக்களையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. முயல்தீவுப் பக்கம் விளக்கு எரியத் தொடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது வலிச்சது மாப்பிள்ளை" என்றார். பிறகு, "ரத்தத்துக்கு சைக்கிள்ல அலைஞ்சதும் நீங்கதானே" என்றார்.

ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுக்க அவர் போகிறார். நாமும் உடன் போகிறோம். பெயரைக் கூப்பிடும்வரை வெளியே விசிப்பலகையில் இருவரும் அமர்ந்திருப்போம். உள்ளே போகுமுன் கையிலுள்ள காகிதங்களை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வரும்வரை நாம் அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்போம்.